பார்த்தால்தான் சொல்வார்

என் வீட்டுக்காரர் கோவிந்தராஜனுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று நான் சொன்னால், கேட்கிறவர்கள் அவரைப் புகழ்வதாக நினைத்துக்கொள்கிறார்கள். அது புகழ்ச்சி இல்லை, புகார். கல்யாணமான புதிதில் ஒரு நாள் புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "முன்பக்கம் நல்லாருக்கு. பின்பக்கம் இன்னும் பாக்கலை" என்றார். நான் திரும்பி நின்று காட்டிய பிறகுதான் மீதிப் பாராட்டு வந்தது.

அது வேலை கொடுத்த வியாதி. ராமச்சந்திராபுரத்துப் பெரிய தொழிற்சாலையில் அவருக்கு இன்ஸ்பெக்ஷனில் வேலை. எந்த உருப்படி வந்தாலும் அவர் கண்ணால் பார்த்து, கருவி வைத்து அளந்து, சரி என்றால்தான் அடுத்த ஷெட்டுக்குப் போகும். "நேத்தே பாத்தாச்சு சார்", "பெரியவர் ஓகே சொல்லிட்டார் சார்" என்பதெல்லாம் அவரிடம் எடுபடாது. "நான் பாக்கலையே" என்பார். அவ்வளவுதான் பேச்சு. அதற்காக அவரைத் திட்டாதவர்கள் அந்த ஷெட்டில் கிடையாது. ஆனால் அவர் கையெழுத்துப் போட்ட உருப்படியை மறுபடி யாரும் அளந்து பார்த்ததும் கிடையாது.

நானோ செகந்திராபாத்காரி. என் கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்துக்குத் துணி தைத்துக் கொடுக்க வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். எங்கள் வீட்டுத் தமிழில் வேண்டாம் என்பதற்கு 'நக்கோ'வும் ஆமாம் என்பதற்கு 'ஹவ்'வும் தாராளமாகக் கலந்திருக்கும். எதையும் ஒரு பிடி கூட்டிச் சொல்லித்தான் எங்களுக்குப் பழக்கம். கல்யாணத்துக்கு மூன்று பேர் வந்தால் முப்பது பேர் வந்ததாகச் சொன்னால்தான் எங்களுக்குச் சோறு இறங்கும். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த இந்த மனிதருக்கும் எனக்கும் பொருத்தம் பார்த்த ஜோசியர் எதைப் பார்த்தாரோ, அவருக்கே வெளிச்சம்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் கம்பெனி குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, செகந்திராபாத்தில் லோத்குண்டாவில் எங்கள் சொந்த வீட்டுக்கு வந்தோம். தொழிற்சாலை இல்லாததால் என் சமையலறை அவர் கண்ணில் பட்டது. ஒரு நாள் தோசையை இரண்டு விரலால் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "ஓரம் மெலிசா இருக்கு வேதா, நடுவுல தடிமன்" என்றார். கரண்டியைக் கீழே வைத்தேன்.

"நாளையிலேருந்து காலைல எழுந்து நடக்கப் போங்க. கிச்சன் பக்கம் நக்கோ!" என்றேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது அவருடைய காலை நடை. எங்கள் தெரு முடிகிற இடத்தில் ராணுவ நிலத்தின் சுற்றுச்சுவர் ஓடுகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் முள்ளும் பாறையும் வேம்பும் அரசுமாகக் கிடக்கிறது. அங்கே யாரும் வீடு கட்ட முடியாது என்பதால் இந்தப் பக்கத்தில் வீடு கட்டிய எங்களுக்கு மயில் கிடைத்தது. சுவரை ஒட்டியே நடந்துவிட்டு வருவார். வந்து காபி டம்ளரைக் கையில் வாங்கியதும் அன்றைய அறிக்கை வாசிப்பார்.

"மயில் மூணு. ரெண்டு சுவர் மேல, ஒண்ணு தண்ணி டாங்க் மேல. செம்போத்து ஒண்ணு. நம்ம செம்பருத்தியில தேன்சிட்டு, ஆண். அப்புறம் ஒரு பறவை. கறுப்பு, வால் நீளம், பேர் தெரியலை."

பெயர் தெரியவில்லை என்று சொல்ல அவர் வெட்கப்பட்டதே இல்லை. நான் ஃபோனில் தேடிப் படத்தைக் காட்டினால், "இது இல்லை, இதுக்கு வால்ல பிளவு இருக்கு. நான் பாத்ததுக்கு இருந்துதான்னு கவனிக்கலை" என்பார். மறுநாள் அந்த வாலைப் பார்த்துவிட்டு வந்து மீதியைச் சொல்வார். எனக்கும் இந்தக் காபி நேரம் பிடித்துப்போயிற்று. பெங்களூரிலிருந்து மகன் வினய் பேசும்போது "வாட்ஸ் நியூ மா?" என்று கேட்டால், மாமியார் நாத்தனார் கதையை விட்டுவிட்டு, கொண்டலாத்தி புல்வெளியில் புழு பிடித்த கதையைத்தான் சொல்கிறேன். சந்தோஷமாகத்தான் இருந்தோம். இருக்கிறோம்.

காலனியில் அவருக்குப் பெயர் வந்தது ஒரு சிறுத்தையால். ஒரு மழைக்காலத்தில் காலனி வாட்ஸப் குரூப்பில் யாரோ சேற்றில் பதிந்த கால்தடத்தைப் படம் எடுத்துப் போட்டு, 'சிறுத்தை! வெளியே வராதீர்கள்!' என்று எழுதிவிட்டார்கள். பால்காரர் உள்ளே வர மறுத்தார். இவர் குடையை எடுத்துக்கொண்டு போனார். அந்த இடத்தில் குனிந்து, நிமிர்ந்து, சுற்றி வந்து பார்த்துவிட்டுத் திரும்பினார். 'சிறுத்தையைப் பார்க்கவில்லை. தடத்தைப் பார்த்தேன். நகம் பதிந்திருக்கிறது. பூனை ஜாதி நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடக்கும். பக்கத்திலேயே ஒரு பெரிய நாயையும் பார்த்தேன்' என்று குரூப்பில் எழுதினார். அன்று சாயந்திரமே எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். அதிலிருந்து குரூப்பில் பாம்பு, உடும்பு, ஆந்தை என்று யார் எதைப் போட்டாலும் அடுத்த கேள்வி ஒன்றுதான்: 'கோவிந்தராஜன் சார் பார்த்தாரா?'

போன வருஷத்துக்கு முந்தைய தசரா அன்று அந்தப் பெயர் உச்சிக்குப் போயிற்று. தசராவன்று பாலபிட்டையைப் பார்த்தால் வருஷம் முழுக்க நல்லது என்பது இந்த ஊர் நம்பிக்கை. நம் பனங்காடைதான் அது; பறந்தால் இறக்கையில் அப்படி ஒரு நீலம். அன்று காலை, சுவர் ஓரத்துக் கம்பியில் ஒன்று உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததாகக் குரூப்பில் ஒரு வரி போட்டார். பட்டும் பைஜாமாவுமாக ஜனம் திரண்டுவிட்டது. பறவையும் மரியாதையாக அங்கேயே இருந்தது. ஆளாளுக்கு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

கூட்டம் கலைந்து வீட்டுக்கு வந்தவர், காபியை வாங்கிக்கொண்டு அறிக்கை வாசிக்காமல் உட்கார்ந்திருந்தார். எனக்குத் திக்கென்றது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

"ஜுரமெல்லாம் இல்லை. ஒண்ணு பாத்தேன்" என்றார். "மாடிக்கு வா."

எங்கள் வீட்டை ஒட்டி, பூங்காவுக்கென்று விட்டுவைத்து இன்றுவரை பூங்கா ஆகாத காலி மனை ஒன்று இருக்கிறது. அதன் மூலையில் ஒரு வேப்பமரம். அடியில் இடுப்பு உயரத்துக்கு ஒரு புற்று. மாடி பால்கனியில் நின்றால் அந்தப் புற்று கண்ணுக்கு நேரே தெரியும். அது சாதாரணப் புற்று இல்லை. மஞ்சளும் குங்குமமும் பூசிய நாகப் புற்று. தீபாவளி கழிந்த நாலாம் நாள் நாகுல சவிதி வரும். அன்று காலனிப் பெண்கள் எல்லோரும் வந்து அந்தப் புற்றில் பால் ஊற்றி, முட்டை வைத்துக் கும்பிடுவார்கள்.

பால்கனியில் நின்று பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் புற்றின் கீழ் ஓட்டையிலிருந்து ஒரு கூர் மூக்கு வந்தது. பின்னால் சாம்பல் நிற உடம்பு, பிறகு நீள வால். கீரிப்பிள்ளை. அது சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு ஏதோ முனகியதும், உள்ளேயிருந்து ஒன்றன்பின் ஒன்றாக மூன்று குட்டிகள் வந்தன. அம்மாவின் வாலைக் கடிக்கப் போய் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன.

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவரைத் திரும்பிப் பார்த்தால், மனிதர் கண்கொட்டாமல் நிற்கிறார். வினய் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் நின்ற மாதிரி நின்றார். அன்றைக்கே இரண்டு பிரம்பு நாற்காலிகள் மாடிக்கு ஏறின. அதற்குப் பிறகு எங்கள் காபி அங்கேதான்.

"யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்" என்றேன்.

"யாரும் கேக்கலையே" என்றார்.

கேட்க ஆள் வந்தது. காலனி சங்கத்தின் செயலாளர் விஸ்வநாத் நல்ல பையன்தான். எங்கள் மாதிரியே பழைய செகந்திராபாத் தமிழ்க் குடும்பம், சாஃப்ட்வேரில் வேலை. நாம் தமிழில் கேட்டால் பாதி இங்கிலீஷில் பதில் சொல்வான். காலி மனையைச் சமப்படுத்தி ஷட்டில் கோர்ட் போட வேண்டும் என்பது அவனுடைய ரொம்ப நாள் ஆசை. தசரா முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டான். என் வீட்டுக்காரர் அன்று ராமச்சந்திராபுரத்தில் பழைய சிநேகிதர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். நான் மட்டும் போனேன்.

"புட்ட மேலே யாரும் கை வைக்கக் கூடாது" என்று எழுந்து நின்றார் யாதம்மா. அவர் எங்கள் எதிர்வீடு. அரசுப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நாகுல சவிதிப் பூஜைக்கு அவர்தான் தலைமை. அவர் பேசுவது தெலுங்கு. நான் தமிழில் சொல்கிறேன்; புட்ட என்றால் புற்று. "அது நாகதேவதை இருக்கும் இடம்."

"ஆன்ட்டி, ஐ ரெஸ்பெக்ட் தட்" என்றான் விஸ்வநாத். "உள்ள நிஜமாவே பாம்பு இருந்தா நானும் கை வெக்க மாட்டேன். அந்தக் கார்னரைச் சுத்தி வேலி போட்டுடலாம். ஆனா சும்மா எம்ப்டி மண்ணுக்காக எவ்வளவு இடத்தை வேஸ்ட் பண்றது? ஒண்ணு செய்யலாம். கோவிந்தராஜன் அங்கிள் தினம் பாக்கறார். அவர் பாம்பைப் பாத்தேன்னு சொன்னா வேலி. பாக்கலைன்னா லெவல் பண்ணிடலாம். ஓகேவா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். யாதம்மாவும், "கோவிந்தராஜன் அன்னா சொன்னால் எனக்குச் சரி" என்றுவிட்டார். நாகுல சவிதிப் பூஜைக்கு எல்லோரும் கூடும்போது அங்கேயே கேட்டுவிடுவது, பாம்பு இல்லையென்றால் மறுநாள் ஜேசிபி என்று முடிவாயிற்று. நாகராஜா உள்ளே இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ளத் தரச் சோதனை அதிகாரியைக் கூப்பிட்ட காலனி எங்களுடையதாகத்தான் இருக்கும். ஜேசிபியின் அந்த இரும்புக் கை புற்றில் இறங்கினால் மூன்று குட்டிகளும் மண்ணோடு மண்ணாகப் போய்விடும்.

வீட்டுக்கு வந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"பாம்பைப் பாத்தேன்னு சொல்லிடுங்க" என்றேன்.

"பாக்கலையே."

"பாக்கலைன்னு எனக்கும் தெரியும். ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சுடும்?"

"கீரி இருக்கிற புத்துல பாம்பு எப்படி இருக்கும் வேதா? ரெண்டும் ஜென்மப் பகை."

"அது அவங்களுக்குத் தெரியாதே! ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணலாம்னு சொல்வாங்க. ஒரே ஒரு பொய் சொல்லி ஒரு குடும்பத்தைக் காப்பாத்தக் கூடாதா?"

"நம்ம கல்யாணத்துக்கு யாரும் பொய் சொல்லலை" என்றார்.

"சொல்லியிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

தீபாவளி வரைக்கும் வீட்டில் இதே பேச்சுதான். அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. நாளாக ஆகக் குட்டிகள் தைரியமாக வெளியே வந்து, வேப்பமரத்து வேரில் ஓணானைத் துரத்தின. அவர் காபி ஆறிப்போகும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார். "என்னால முடியலை வேதா" என்று ஒரு நாள் அவராகவே சொன்னார். "இத்தனை வருஷம் நான் பாத்தேன்னு சொன்னா அதுக்கு ஒரு அர்த்தம் இருந்துது. அது போயிடுச்சுன்னா நான் யாரு?" அதற்கு மேல் அவரை நான் வற்புறுத்தவில்லை. ஆனால் கோபம் தீரவில்லை. அந்த வருஷம் தீபாவளிக்கு அவருக்குப் பிடித்த ரவா லாடு செய்யவில்லை.

நாகுல சவிதி வந்தது. விடிந்ததும் பெண்கள் தலைக்குக் குளித்து, பால் செம்பும் மஞ்சளும் பூவுமாக வந்துவிட்டார்கள். யாதம்மா புற்றுக்கு மஞ்சள் பூசி, பால் ஊற்றி, இரண்டு முட்டைகளை ஓட்டை வாசலில் வைத்தார். விஸ்வநாத் ஓரமாகக் கை கட்டி நின்றான். கற்பூரம் அணைந்ததும் எல்லோருடைய கண்ணும் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பியது. வெள்ளை வேட்டியில், பரீட்சைக்கு வந்த பையன் மாதிரி நின்றார்.

"அங்கிள், சிம்பிள் கொஸ்டின்தான்" என்றான் விஸ்வநாத். "இந்தப் புத்துல பாம்பைப் பாத்தீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் வேப்பமரத்தைப் பார்த்தேன்.

"பாக்கலை" என்றார்.

யாதம்மாவின் முகம் வாடிப்போயிற்று. பின்னால் யாரோ "அய்யோ" என்றார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் அவர் முடிக்கவில்லை. ஓர் அடி முன்னால் வந்தார்.

"நீ கேட்டது பாம்பு. அதை நான் பாக்கலை. நான் பாத்தது கீரிப்பிள்ளை. தாய் ஒண்ணு, குட்டி மூணு. தசராவிலேருந்து தினம் பாக்கறேன். இந்த ஓட்டைதான் அதுங்களுக்கு வாசல். நாளைக்கு இங்க ஜேசிபி வந்தா அந்த மூணும் செத்துப்போகும். இதையும் நான் சொல்லணும்" என்றார். பிறகு தனக்குத் தெரிந்த தெலுங்கில், கீரியை 'முங்கிச' என்று, அதையே யாதம்மாவிடமும் சொன்னார்.

நாகதேவதைக்கு ஊற்றிய பால் பாம்பின் ஜென்ம விரோதியின் வாசலில் வழிந்துகொண்டிருந்தது. யாதம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு புற்றைப் பார்த்தார்; என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"நிஜமாகவே பார்த்தீர்களா அன்னா? முங்கிசவையா?"

"பாத்தேன்."

"குட்டியோடு?"

"மூணு."

யாதம்மா சிரித்தார். "எனக்குச் சந்தேகம் இருந்தது" என்றார். "வருஷா வருஷம் பூஜைக்கு மறுநாள் இங்கே முட்டை ஓட்டைப் பெருக்குகிறவள் நான். பாம்பு முட்டையை அப்படியே முழுங்கும். உடைத்துக் குடித்துவிட்டு ஓட்டை வாசலில் போட்டுப் போகாது. இதைத்தானே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்!"

"அப்ப ஏன் ஆன்ட்டி சொல்லலை?" என்றான் விஸ்வநாத்.

"யார் கேட்டார்கள்? நான் கும்பிடுவது புட்டயை. உள்ளே குடியிருப்பவரின் ஆதார் கார்டையா கேட்டுக்கொண்டிருப்பேன்?" என்றார் யாதம்மா. "முங்கிசவைப் பார்ப்பதே அதிர்ஷ்டம். குட்டியோடு பார்த்தால் கேட்கவே வேண்டாம். எனக்குக் காட்டுங்கள் அன்னா."

பிறகு நடந்ததைச் சொன்னால் நான் கூட்டிச் சொல்வதாக நினைப்பீர்கள். பால் செம்போடு பெண்கள் எல்லோரும் எங்கள் மாடிப்படி ஏறினார்கள். பால்கனி தாங்குமா என்று எனக்குப் பயம். என் வீட்டுக்காரர் உதட்டில் விரலை வைத்து எல்லோரையும் உட்கார வைத்தார். கீழே சத்தம் அடங்கிக் கொஞ்ச நேரம் கழித்துத் தாய் வந்தது. ஒரு முட்டையைக் காலால் உருட்டிக்கொண்டு போய்ப் பின்பக்கமாகக் கல்லில் மோதி உடைத்தது. குட்டிகள் ஓடி வந்து மூக்கை நுழைத்தன. "அடேயப்பா!" என்று மூச்சு விட்டவன் விஸ்வநாத்தான். வீடியோ எடுக்க வந்தவன் ஃபோனை மடியில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு என் வீட்டில் காபிப்பொடி தீர்ந்துபோயிற்று. சாயந்திரம் ரவா லாடு பிடித்தேன்.

போகும்போது விஸ்வநாத், "சரி அங்கிள், இப்போதைக்கு மறு பாதியில மட்டும் கோர்ட் போடறோம். குட்டிங்க பெரிசாகிப் போற வரைக்கும் இந்தக் கார்னரைத் தொடலை. புத்து காலியாயிடுச்சுன்னா நீங்களே சொல்லுங்க. உங்க வேர்டுதான் ஃபைனல்" என்றான்.

"பாத்தா சொல்றேன்" என்றார் இவர்.

கார்த்திகை முடிவதற்குள் குட்டிகள் தாயின் உயரத்துக்கு வந்துவிட்டன. தினம் தூரம் தூரமாகப் போய்த் திரும்பின. ஒரு நாள் காலையில் நான் காபியோடு மாடிக்குப் போனால், அவருடைய பிரம்பு நாற்காலி திரும்பியிருந்தது. புற்றுப் பக்கம் முதுகு, ராணுவச் சுவர்ப் பக்கம் முகம்.

"இதென்ன, கீரியைப் பாக்கலையா?" என்றேன்.

"அந்தப் பக்கம் பாக்கலை" என்றார். காபியை ஒரு வாய் குடித்தார். "இந்தப் பக்கமும் நிறைய இருக்கு வேதா. இத்தனை நாள் கவனிக்கலை."

எனக்குப் புரிந்துவிட்டது. என் நாற்காலியையும் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

அதிலிருந்து அவர் நடை வினோதமாகிவிட்டது. வாசலைத் தாண்டிக் காலி மனை வரும் வரைக்கும் நேராக நடப்பார். மனை வந்ததும் கழுத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். எதிர்ப்பக்கத்துக் காகிதப்பூச் செடியில் என்னதான் இருக்கிறதோ என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். மனை தாண்டியதும் தலை பழையபடி நேராகிவிடும். "கழுத்து சுளுக்கா சார்? நல்லெண்ணெய் தடவுங்க" என்று இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். பார்க்கிறதற்கென்றே சம்பளம் வாங்கிய மனிதர் ஒன்றைப் பார்க்காமல் இருக்க எவ்வளவு பாடுபடுகிறார் என்று கூட வாழ்கிற எனக்குத்தான் தெரியும்.

விஸ்வநாத் மறக்கவில்லை. மாதம் ஒரு முறையாவது வழியில் மடக்குவான்.

"அங்கிள், இன்னும் உள்ள இருக்கா?"

"பாக்கலை விஸ்வநாத்."

"இல்லைங்கறீங்களா?"

"இல்லைன்னும் பாக்கலை. பாத்தாத்தான் சொல்லுவேன். உனக்குத் தெரியாதா?"

அவனுக்குத் தெரியும். சிரித்துவிட்டுப் போய்விடுவான். அவனுக்கு எல்லாமே தெரிந்துதான் கேட்கிறானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நானோ மாடியில் வடாம் காயப்போடும்போது புற்றைப் பார்க்கத்தான் செய்தேன். கீழ் ஓட்டையில் சிலந்தி வலை கட்டியிருந்தது. என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் நம்ப மாட்டார்கள், மூன்றை முப்பதாகச் சொல்கிறவளாயிற்றே.

நாற்காலியைத் திருப்பிப் போட்டதில் எங்களுக்கு நஷ்டம் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கத்து அரசமரத்தில் ஒரு ஜோடி இருவாச்சி வந்து பழம் தின்ன ஆரம்பித்தது. அந்தப் பெரிய அலகையும், பறக்கும்போது கத்துகிற கத்தலையும் அதற்கு முன் நாங்கள் பார்த்ததும் இல்லை, கேட்டதும் இல்லை. அதன் பெயரைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு முழுக் காலை ஆயிற்று. அவர் முகத்தில் அன்று இருந்த சிரிப்பை அவருடைய கடைசி புரமோஷனுக்குக்கூட நான் பார்த்ததில்லை.

போன வருஷ நாகுல சவிதியும் வந்தது. பெண்கள் வந்தார்கள், பால் ஊற்றினார்கள். யாதம்மா இரண்டு முட்டைகளை வைத்தார். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் வாசலில் நின்று, காகிதப்பூவைப் பார்த்துக்கொண்டே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை, அவர் நடை முடிந்து கேட்டுக்குள் நுழையும்போது எதிரே யாதம்மா துடைப்பத்தோடு ஓடி வந்தார். அந்த வயதில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

"அன்னா! பெருக்கப் போனேன். முட்டை இரண்டும் இல்லை. ஓடும் இல்லை. ஒரு துண்டுகூட இல்லை!" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மஞ்சள் பொடியில் ஒரு கோடு இருக்கிறது. வளைந்து வளைந்து போய் ஓட்டைக்குள் இறங்குகிறது. வந்து பாருங்கள்."

நான் காபி டம்ளரோடு வாசலில் நின்றேன். என் வீட்டுக்காரர் திரும்பிவிட்டார். கால் தெருப்பக்கம் போயிற்று. ஒரு வருஷமாக அடக்கி வைத்த ஆசை அவர் முதுகிலேயே தெரிந்தது. பார்த்துவிட்டால் போதும், அதற்குப் பிறகு விஸ்வநாத்திடம் வாய்நிறைய 'பாத்தேன்' என்று சொல்லலாம். ஆனால் அது காக்காயின் வேலையாகவும், கோடு யாரோ இழுத்த குச்சியின் தடமாகவும் இருந்துவிட்டால் அதையும் சொல்லத்தான் வேண்டியிருக்கும். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நீங்க பாத்துட்டீங்க இல்லம்மா?" என்றார் யாதம்மாவிடம்.

"பார்த்தேன் அன்னா. இந்தக் கண்ணால்."

"அப்ப அது போதும்" என்றார்.

இன்னொருவர் பார்த்ததை அவர் ஏற்றுக்கொண்டு நான் கண்டதே இல்லை. யாதம்மா துடைப்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு ராணி மாதிரி வீட்டுக்குள் போனார்.

இவர் மாடிக்கு வந்து, அரசமரத்தைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்து, என் கையிலிருந்து காபியை வாங்கிக்கொண்டார்.

"மயில் ரெண்டு" என்றார். "இருவாச்சி ஒரு ஜோடி. ஆள்காட்டி ஒண்ணு."

ஒரு வாய் குடித்தார்.

"அப்புறம், யாதம்மா பாத்தது ஒண்ணு."